கறுப்புக்கு மேல் சிவப்பு

அந்தக் கட்டடத்தில் அவருக்கு ஸ்பூன்காரர் என்றுதான் பெயர். பிழைப்பு என்னவோ மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுவது. வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்துவிடுவார். உள்ளங்கையில் அடங்குகிற கார்களை ஒட்டி, இழைத்து, பெயின்ட் அடிப்பார். அடிப்பதற்கு முன் எந்த நிறத்தையும் பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்துப் பார்த்தாக வேண்டும். அந்த வீட்டில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு ஸ்பூனைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. கழுவித் துடைத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் அவர் மனைவிக்கு மறுவேலை.

மெட்டாலிக் பெயின்டைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்தால் அன்றைய பொழுது போயே போச்சு. மேலே தெரிவதெல்லாம் சும்மா, விஷயம் அடிப்பூச்சில் இருக்கிறது என்று ஆரம்பிப்பார். ஒரே சிவப்பு மெட்டாலிக்தான். வெள்ளைக்கு மேல் அடித்தால் மிட்டாய் மாதிரி இளிக்கும், சாம்பல் நிறத்துக்கு மேல் சாதுவாக உட்காரும், பளபளப்பான கறுப்புக்கு மேல் மெல்லிசாக அடித்தால் கனன்றுகொண்டு நிற்கும். இதையெல்லாம் அவர் பகல் வெயிலில் மட்டும்தான் பார்ப்பார். விளக்கு வெளிச்சம் நிறத்தைப் பொய்யாகக் காட்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிதான் பின்னால் அவர் காலை வாரியது.

தம்பி தன் காருக்குப் புதுப் பெயின்ட் அடிக்க நினைத்தபோது அண்ணனிடம்தான் வந்து நின்றான். அண்ணன் மூன்று ஸ்பூன்களை ஜன்னல் வெயிலில் நீட்டினார். கறுப்புக்கு மேல் அடித்த சிவப்பைப் பார்த்ததும் தம்பி பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். பெயின்ட் பட்டறையில் அந்த ஸ்பூனைக் காட்டி, அச்சு அசலாக அதே மாதிரி அடித்து வாங்கினான். பெருமை தாங்கவில்லை அண்ணனுக்கு. அதே காரைச் சின்னதாகச் செய்து தம்பிக்குக் கொடுப்பது என்று அன்றைக்கே வேலையைத் தொடங்கினார்.

அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் தெருமுனை மருந்துக்கடைக்காரரை ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்த நேரம். எதிர்க்கடைத் தையல்காரர் பார்த்தது ஒரு கறுப்பு வண்டியை. மருந்துக்கடைக்காரர் இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி எழுந்து நடப்பாரா என்பதே சந்தேகம். பக்கத்துத் தெரு டாக்சிக்காரரிடம் கறுப்புக் கார் இருந்த பாவத்துக்கு, வண்டியைப் பறித்து வைத்துக்கொண்டு அவரைத் தினமும் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய விட்டார்கள். “நல்லவேளை, நம்ம வண்டி சிவப்பு” என்று சாப்பிட வந்த தம்பி சிரித்தான். அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

சின்னக் கார் காய்ந்து முடிந்த அன்று மாலை, மனைவி மேசையைத் துடைக்க, மேலே இருந்ததையெல்லாம் பார்க்காமல் அள்ளி நடையிலிருந்த அலமாரியில் வைத்தார். நடையில் ஒரு மங்கலான மஞ்சள் பல்புதான். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“ஏங்க, இந்தக் கறுப்பு வண்டியை எப்போ பண்ணீங்க?”

“கறுப்பா? நான் கறுப்பே பண்ணலியே” என்று எழுந்து போனவர் அப்படியே நின்றுவிட்டார். அலமாரியில் இருந்தது கறுப்புக் கார். கையில் எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுவந்தார், சிவந்தது. மறுபடி நடைக்குக் கொண்டுபோனார், கறுத்தது. மனைவி அவர் முகத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், சுவரில் சாய்ந்துகொண்டார்.

“எத்தனையோ பேர் இந்த மாதிரி வண்டி வச்சிருப்பாங்க” என்றார் கடைசியில்.

“இருப்பாங்க” என்று சட்டையை மாட்டி, சின்னக் காரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார் அவர். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் மன்றாடிக்கொண்டே போனார்.

தம்பி வீட்டுக்குக் கீழே கார் நின்றது. இடது முன்விளக்கின் கண்ணாடி பழசாகி மஞ்சள் பூத்திருந்தது. வலது பக்கம் பளிங்கு மாதிரி புதுசு. நாளெல்லாம் லென்ஸோடு மாரடிக்கிற மனிதருக்கு அது தப்புமா? தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

“வலது விளக்கு எப்போடா மாத்தின?”

“கல்லு பட்டுச்சுண்ணா.”

“எப்போன்னு கேட்டேன்.”

தம்பி படிக்கட்டிலேயே உட்கார்ந்தான். “அவரு எழுந்து உக்காந்ததைப் பாத்தேண்ணா. அதுக்கப்புறம்தான் போனேன்.”

“இடுப்பு ஒடைஞ்ச மனுஷன் எப்படிடா எழுந்து உக்காருவாரு?”

“பயந்துட்டேன். கை கால் ஓடல.”

“சரி, பயந்துட்ட. இப்போ எந்திரி. நானும் கூட வரேன், போய்ச் சொல்லிடுவோம்.”

“எதுக்கு? தேடுறது கறுப்பு வண்டியை. டாக்சிக்காரரை ஆதாரம் இல்லன்னு விட்டுடுவாங்க. இந்த விஷயம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.” அண்ணன் அந்தப் புது விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு அவன் குரல் மாறியது. “எனக்குச் சின்னதுல தலை சீவி விட்டவன் நீ. என்னைக் கொண்டுபோய் உள்ள தள்ளுவியா? மாட்டே. எனக்குத் தெரியும்.”

மாட்டேன் என்றுதான் அவருக்கும் தோன்றியது. அவன்மேல் ஆத்திரம் பொங்கியது, அதைவிட அதிகமாகப் பாசம் பொங்கித் தொலைத்தது. அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவோம் என்று பயந்து திரும்பி நடந்தார். பின்னாலிருந்து தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் டாக்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். தெரிந்த முகத்தைப் பார்த்ததும், “உங்களையும் கூப்பிட்டுட்டாங்களா?” என்று பரிதாபமாகக் கேட்டார். ஸ்பூன்காரர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரி மனிதர். உட்காரச் சொன்னார்.

“மருந்துக்கடைக்காரர் கேஸ் விஷயமா ஒரு வண்டியைப் பத்திச் சொல்லணும் சார்.”

“சொல்லுங்க. என்ன கலர் வண்டி?”

“சிவப்பு.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். “நாங்க தேடுறது கறுப்புங்க. பார்த்த சாட்சி இருக்கு. அக்கறையா வந்தீங்க, சந்தோஷம். போயிட்டு வாங்க.”

போயிட்டு வாங்க. எவ்வளவு நல்ல வார்த்தை! ஸ்பூன்காரர் எழுந்தே விட்டார். வந்தேன், சொன்னேன், அவர்தான் வேண்டாம் என்றார், இனி என் பொறுப்பு என்ன இருக்கிறது என்று ஒரு மனது ஓடி முன்னால் போய் வாசலில் நின்றது. வாசலில் டாக்சிக்காரர் நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்பூன்காரர் திரும்பி வந்து சட்டைப் பைக்குள் கையை விட்டார். சின்னக் காரை எடுத்து மேசைமேல் வைத்தார். டியூப்லைட்டுக்கு நேர் கீழே அது சிவப்பாக மின்னியது.

“என்னங்க இது, பொம்மையா?”

“சார், அந்த லைட்டைக் கொஞ்சம் அணைக்க முடியுமா?”

இன்ஸ்பெக்டர் அவரை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு எழுந்து ஸ்விட்சைத் தட்டினார். ஜன்னல் வழியாகத் தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் மட்டும் மேசையில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். விளக்கைப் போட்டார், மறுபடி அணைத்தார். பிறகு அந்த அரை இருட்டிலேயே பேனாவைத் திறந்தார்.

“இது யாரோட வண்டி?”

“என் கூடப் பிறந்தவனோடது” என்றார் ஸ்பூன்காரர்.