இரண்டாவது காதுகுத்து

எங்கள் ஊரில் எனக்கு மட்டும்தான் இரண்டு தடவை காது குத்தினார்கள். முதல் தடவை மூன்று வயதில். இரண்டாவது தடவை எட்டு வயதில்.

அந்த வருஷம்தான் தம்பியின் இடது கண்ணுக்குள் பூனைக் கண் மாதிரி ஒரு வெள்ளை மினுங்கியது. அவனுக்கு இரண்டு வயது. புற்று என்றார்கள் மதுரையில். கண்ணை எடுத்துவிட்டு, மிச்சப் புற்றைக் கருக்கக் கரண்டு வைத்தால் பிள்ளை பிழைப்பான், தாமதிக்கக் கூடாது என்றார்கள். அம்மா அவனோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். நாங்களோ திருச்சுழிப் பக்கம் மானாவாரியில் பருத்தி போட்டுப் பிழைத்தவர்கள்; மழையும் ஏமாற்றியிருந்தது. உழவு மாடுகள் போயின. அம்மாவின் தோடு போயிற்று. கடைசியில் என் கம்மலும் போய், காதில் வேப்பங்குச்சி வந்தது.

கேட்டிருந்தால் ஊரில் கொடுத்திருப்பார்கள். அப்பா கேட்க மாட்டார். கஞ்சிக்கு வழியில்லாத நாளிலும் எங்கள் வீட்டில் ரோஷத்துக்கு மட்டும் பஞ்சம் வந்ததில்லை.

அம்மாவின் தம்பிதான் வழி சொன்னார். "விசேஷம் வச்சா மொய் வரும். நாளைக்கு அவுக வீட்டு விசேஷத்துக்கு நீங்க திருப்பிச் செய்யப் போறீக. இதுல என்ன கேவலம் மச்சான்?"

விசேஷத்துக்கு ஒரு பிள்ளை வேண்டுமே. கைவசம் இருந்தது நான்தான்.

விசேஷத்தன்று காலையில் மாமா என் காதுக் குச்சிகளை உருவி எறிந்துவிட்டு, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக் கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தந்தார். மிட்டாய் தீரும்வரை நானும் திறக்கவில்லை.

ஊரே வந்திருந்தது. மாமா மடியில் உட்கார்ந்திருந்தேன். ஆசாரி ஊசியோடு குனிந்ததும் பயத்தில் கத்திவிட்டேன்.

"எனக்குத்தான் ஏற்கெனவே குத்தியாச்சே!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது பெரியம்மா எழுந்து வந்தாள். வரப்புச் சண்டையில் எங்களோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்த பெரியப்பாவின் மனைவி. என் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓட்டை தூந்து போச்சு. தூந்தா மறுபடி குத்தத்தான வேணும்? நீங்க குத்துங்க ஆசாரி."

ஆசாரி பழைய ஓட்டையிலேயே ஊசியை விட்டார். வலிக்கவேயில்லை. "சும்மா அழுவு தாயி" என்று காதோரம் முணுமுணுத்தார். நான் ஊர் அதிர அலறினேன்.

சாயங்காலப் பஸ்ஸிலேயே மடி நிறைய மொய்ப் பணத்தோடு அப்பா மதுரைக்குப் போனார். தம்பி பிழைத்தான். இன்று பேரன் பேத்தி எடுத்து, ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டே வீட்டில் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருக்கிறான். அவன் அதட்டும்போதெல்லாம் அந்த ஊரை நினைத்து மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.

அன்று நான் அப்படியெல்லாம் கும்பிடவில்லை. என் அலறலை நம்பி ஊரே ஏமாந்துவிட்டது என்ற பெருமையில் தெருத்தெருவாகத் திரிந்தேன். பெரியம்மா, ஆசாரி, மொய் செய்த அத்தனை பேரும் என் முதல் காதுகுத்துக்கும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் என்பது என் எட்டு வயது மூளைக்கு எட்டவேயில்லை.