மருமகன் முன்னால் கேட்ட கேள்வி

அந்த அம்மா கரடியனாற்றிலிருந்து வந்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்தது. எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று வைத்தியர் கேட்டபோது, "கடைசிப் புள்ளைக்குப் பொறகு" என்றார். அந்தக் கடைசிப் பிள்ளைக்கே கல்யாணமாகி, கையில் ஒரு குழந்தை இருந்தது. அத்தனை வருடமும் அடிவயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வயல் வட்டையில் இறங்கிக் களை பிடுங்கியிருக்கிறார், கதிர்க் கட்டுச் சுமந்திருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

நான் அப்போது பெண்களின் சத்திரசிகிச்சை வாட்டில் தாதியாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம். வந்த அன்றே என்னிடம் ஊர் கேட்டார்.

"நீங்க எவடம் புள்ள?"

"குருக்கள்மடம்."

"எங்கட பெரியம்மாட மகன் அங்கதானே கல்யாணம் முடிச்சிரிக்கான்!"

அவ்வளவுதான், நாங்கள் சொந்தக்காரர் ஆகிவிட்டோம். ஒபரேசன் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகும் அவர் எதையும் கேட்கவில்லை. வலி மருந்து கேட்கவில்லை, தலையணையைச் சரிசெய்யச் சொல்லவில்லை. கட்டிலருகே போனால் கையைப் பிடித்து, "நீங்க சாப்பிட்டீங்களா புள்ள?" என்று என்னை விசாரிப்பார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. ஏன் பிடித்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது சொல்லலாம்: அவர் எனக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை.

என் அப்பா வாவியில் மீன் பிடித்தவர். ஒருநாள் கெளுத்தி முள் இடது கையில் ஏறி, கை வீங்கிப்போய் வந்தார். அந்தக் கையைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு, வலது கையால் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார். மூன்றாம் நாள்தான் அம்மா கண்டார். எங்கள் வீட்டில் இந்தக் கதையை இன்றுவரை பெருமையாகச் சொல்வோம். நோவை வெளியில் சொல்லாதவர் நல்ல மனிதர் என்று எனக்கு யாரும் உட்கார வைத்துப் படிப்பிக்கவில்லை. ஆனால் வாட்டில் யாராவது முனகினால் என் குரலில் ஒரு சூடு ஏறும். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒபரேசன் முடிந்த இரண்டாம் நாள் காலையில் அவருக்குச் சிறுநீர் போகப் போட்டிருந்த சலக் குழாயைக் கழற்றினேன். "நல்லாத் தண்ணி குடியுங்க. சலம் போனதும் எனக்குச் சொல்லுங்க" என்று ஒரு போத்தலில் தண்ணீர் நிறைத்து மேசையில் வைத்தேன். குழாயைக் கழற்றிய சில மணித்தியாலங்களுக்குள் சலம் போகவேண்டும். போகாவிட்டால் சலப்பை ஊதி, உள்ளே போட்ட தையலுக்கே ஆபத்து.

மதியம் பார்வையாளர் நேரம். புதிதாக மூன்று பேரை வாட்டில் சேர்த்திருந்தார்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே கேட்டேன்.

"அம்மா, சலம் போனதா?"

அவருடைய மருமகன் சாப்பாட்டுப் பையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஓம் புள்ள, போனது."

"நோவு ஏதும்?"

"ஒண்டுமில்ல. நல்லா இரிக்கன்."

மருமகன் யன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சலம் போனது என்று அவருடைய நோய்க்குறிப்பு டிக்கட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

எங்கள் வாட்டில் கண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்களத் தாதித் தங்கச்சி இருந்தாள். முதல் நியமனமே எங்கள் பக்கத்தில்தான். தமிழ் அரைகுறை. இவள் எங்கள் சனங்களோடு எப்படிச் சமாளிக்கப் போகிறாள் என்று நான் உள்ளூர அவளுக்காக இரக்கப்பட்டதுண்டு. அன்று நாலு மணியளவில் அவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, அந்த அம்மா சரி இல்ல."

"நான் கேட்டனே. நல்லா இரிக்கன் எண்டு சொன்னா."

"சொல்றது நல்லா. ஆனா வேர்க்குது. தண்ணிப் போத்தல் அப்படியே இருக்கு. செருப்பும் வெச்ச இடத்துல அப்படியே இருக்கு."

எனக்கு ஒரு கணம் கோபம் வந்தது. என் பாசை, என் சனம். இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் அவள் பின்னால் போனேன்.

அந்த அம்மாவின் நெற்றியெல்லாம் வேர்வை. முழங்கால்கள் இரண்டையும் மடித்து வைத்திருந்தார். ஒரு கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. தங்கச்சி திரைச்சீலையை இழுத்து மூடினாள். போர்வையை மெல்ல விலக்கி அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். நானும் வைத்துப் பார்த்தேன். கல்லைப்போல இருந்தது.

"அம்மா, சலம் போக இல்லயா?" என்று தங்கச்சி தன் உடைந்த தமிழில் கேட்டாள்.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. "ஏலா மகள். காலையில இருந்து ஏலா."

வைத்தியருக்கு அறிவித்தோம். திரும்பவும் குழாயைப் போட்டோம். குழாயில் மாட்டிய பை நிறைய நிறைய, கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. "இப்பதான் மூச்சு வருகுது" என்றார். வைத்தியர் எங்கள் இருவரையும் பார்த்து, நல்ல வேளையாகக் கண்டுபிடித்தீர்கள் என்றார். அந்தப் பாராட்டில் எனக்குப் பங்கு இல்லை என்று சொன்னேன். டிக்கட்டில் மதியம் எழுதியதை ஒற்றைக் கோடால் வெட்டி, உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு அவருடைய கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"ஏனம்மா எனக்குச் சொல்லல்ல?"

"மருமகன் நிக்கக்குள்ள அதை எப்படிப் புள்ள சொல்ற? நீங்க மறுகா வந்து கேப்பீங்க எண்டு பாத்துக் கொண்டு இரிந்தன்."

"அவட்ட மட்டும் சொன்னீங்களே?"

"அவ வேற ஊர்ப் புள்ள. எங்கட ஆக்கள் ஒருத்தரையும் தெரியா. நீங்க குருக்கள்மடம். நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில காணுவம்." பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கவலப்படாதீங்க புள்ள" என்று என் முழங்கையைத் தடவினார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மருமகன்தான் வந்து சேர்கிறவர். என் கணவர் விறாந்தையில் வந்து உட்கார்ந்தால் என் அம்மா குசினிக்குள் போய்விடுவார். தனக்குக் காய்ச்சல் என்றால்கூட மருமகனுக்குக் கேட்கும்படி சொல்லமாட்டார். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனாலும் மருமகனை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டேன். தாதியர் கல்லூரியில் விமர்சனச் சிந்தனை என்றொரு பாடம் இருந்தது. வரைவிலக்கணத்தை ஆங்கிலத்தில் பாடமாக்கி முழுப் புள்ளியும் எடுத்தேன். நோயாளியின் பண்பாட்டைக் கவனிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. என்னுடைய பண்பாட்டையும் கவனிக்க வேண்டும் என்று நான் அதைப் படித்ததே இல்லை. பாசை தெரிந்ததால் நான் சொல்லைக் கேட்டு எழுதினேன். தங்கச்சி, பாசை போதாததால் செருப்பைப் பார்த்தாள். அதோடு, அந்த அம்மாவின் மௌனம் எனக்குப் பிடித்துமிருந்தது. அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

மறுநாள் மதியம் மருமகன் வந்ததும், "தம்பி, கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா? அம்மாவோட கதைக்கணும்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓம் மிஸ். நேத்தும் எனக்கு எங்க பாக்கிற எண்டு தெரியல்ல. மாமியத் தனிய விட்டுட்டுப் போறதும் சரியில்ல எண்டுதான் நிண்டன்."

பாவம், ஒரு கேள்வியால் இரண்டு பேரைச் சங்கடப்படுத்தியிருந்தேன்.

அதற்குப் பிறகு தங்கச்சியும் நானும் சேர்ந்தே கட்டில்களைச் சுற்றினோம். அவளும் தவறவிட்டது உண்டு. நீரிழிவு உள்ள ஒரு சீனி வருத்தக்காரி தொடர்ந்து சாப்பாட்டைத் திருப்பி அனுப்பியபோது, வயிற்றில்தான் ஏதோ கோளாறு என்று பயந்தாள். கையில் கட்டியிருந்த மஞ்சள் நூலைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. கண்ணகி அம்மன் சடங்குக்கு நேர்ந்து விரதம் இருக்கிறார். பேசி, வைத்தியரிடமும் கேட்டு, ஒருநேரம் பாலும் பழமும் எடுக்கச் சம்மதிக்க வைத்தோம். "போனதா" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். ஆட்களை அனுப்பிவிட்டு, உட்கார்ந்து, "கடைசியா எப்ப போனது?" என்று கேட்கிறேன். அதற்கு வெறும் ஓம் பதிலாகாது.

கரடியனாற்று அம்மாவுக்கு மூன்று நாளில் தானாகவே சலம் போகத் தொடங்கியது. சுகமாகி வீடு போனார். ஒரு மாதம் கழித்து கிளினிக்குக்கு வந்தபோது இரண்டு சட்டி எருமைத் தயிரோடு வாட்டுக்கும் வந்தார். சின்னச் சட்டியை என்னிடம் தந்துவிட்டு, "பெரிசு அந்த மகளுக்கு. எங்க அவ?" என்று வாட்டை நோட்டம் விட்டார்.

தங்கச்சி ஓடி வந்தாள். அந்த அம்மா அவளுடைய இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு ஏதேதோ பேசிக்கொண்டே போனார். அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் முழுவதற்கும் தலையாட்டினாள். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் தயிரில் ஊற்றத் தன் ஊர்க் கித்துள் பாணிப் போத்தலை அலுமாரியிலிருந்து எடுத்தாள். இரண்டு சட்டியையும் நடுவில் வைத்து, வாட்டில் நின்ற எல்லோருமாகத் தின்றோம்.