ஏறியாச்சு அக்காவும் அறுபத்து மூன்று கால்களும்

செயற்கைக் கால் செய்கிற பட்டறையில் என் வேலை உடைப்பது. சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் முறை அதுதான். கால் போனவர் வந்து உட்காருவார். மிச்சமிருக்கும் காலில் மாவுத்துணியை ஈரத்தோடு சுற்றி, இறுகியதும் அச்சாகக் கழற்றி எடுப்பேன். அதை அக்கா வாங்கி, பதினான்கு இடத்தில் அளந்து, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டு இரண்டு முறை படித்துக் கம்ப்யூட்டரில் தட்டுவார். கடைசி எண்ணைத் தட்டியதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு குரல் கொடுப்பார்: "ஏறியாச்சு!" நான் சுத்தியலை எடுத்து ஒரே போடு. எங்கள் அறை பத்துக்குப் பத்து. அச்சுகளைச் சேர்த்து வைத்தால் நாங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

காகிதத்தில் எழுதி வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எழுதிக்கொண்டுதான் இருந்தோம். மாவுக் கை பட்டு மூன்றா எட்டா என்று புரியாமல் ஒருவருக்கு யானைக் காலாகச் செய்து கொடுத்தோம். அன்றே மேனேஜர் காகிதத்தை ஒழித்துவிட்டார்.

ஏறியாச்சு அக்கா என்றால்தான் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். நான் வந்த புதிதில் அவர் தோல் வார் தைத்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் தைத்துப் பெருவிரல் மூட்டு தேய்ந்து ஊசி பிடிக்க முடியாமல் போனது. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நாங்கள் ஆளுக்கொரு பக்கம் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தபோது, அவர் நேரே மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

"மூலையில தூசி படிஞ்சு கிடக்குதே, அந்தக் கம்ப்யூட்டரை எனக்குக் குடுங்க சார்."

"உங்களுக்கு அதெல்லாம் தெரியுமாம்மா?"

"தோல் தைக்கவும் தெரியாமத்தான் வந்தேன்."

அளவுகளை ஒழுங்காக அடுக்கி வைக்க ஒரு டேட்டாபேஸ் வேண்டும் என்று சொன்னது அக்காவின் தங்கை மகன். வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். யார் யாரோ சேர்ந்து எழுதி, எல்லோருக்கும் பொதுவில் வைத்திருக்கிறார்களாம், காசு கிடையாதாம். காசு கிடையாது என்றதும் மேனேஜர் முகம் மலர்ந்தது. அதை யார் நிறுவுவது என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

அக்காதான் நிறுவினார். முதல் வாரம், கொடுத்த கடவுச்சொல்லே தப்பு என்று அது அடம்பிடித்தது. அடுத்த வாரம், அது உட்கார வேண்டிய இடத்தில் வேறெதுவோ உட்கார்ந்திருக்கிறது என்றது. அதையும் கிளப்பிவிட்டால், அடுத்த அறையில் கட்டையைக் கடைந்து காலாக்கும் கடைசல்காரரின் கம்ப்யூட்டரை உள்ளே விட மாட்டேன் என்றது. ஒவ்வொரு சண்டைக்கும் அக்கா தங்கை மகனுக்குப் போன் போட்டு, அவன் சொல்வதைக் கோடு போட்ட நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்வார். மாமியார் கூட இவ்வளவு குறை சொன்னதில்லை என்பார். மூன்றாவது வாரம் கடைசல்காரரின் திரையில் முதல் அளவு தெரிந்தபோது, நான் சுத்தியலால் மேசையைத் தட்டினேன்.

ஒருமுறை சறுக்கினார். ஒரே ஒருவரின் பாத நீளத்தைத் திருத்தப் போனவர், யாருடையது என்று சொல்லும் பகுதியைப் போட மறந்துவிட்டார். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பாதம் இருபத்து நான்கு சென்டிமீட்டர் ஆகிவிட்டது. சனிக்கிழமை எடுத்த நகல் இருந்ததால் தப்பித்தோம். அதற்குப் பிறகு ஏறிய ஒன்பது பேரை மட்டும் திரும்ப வரச் சொல்ல வேண்டியிருந்தது. வந்தார்கள். ஒருவர் கூடத் திட்டவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, "பரவாயில்லம்மா" என்று மறுபடி காலை நீட்டினார்கள். அந்தப் பரவாயில்லைதான் அக்காவைப் படுத்தியது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதன் பிறகுதான் தங்கை மகன் ஒரு வழி சொன்னான். காலையில் 'பிகின்' என்று தட்டிவிட்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும். அதன் பிறகு எது தப்பானாலும் மொத்தத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எல்லாம் சரியென்றால் சாயங்காலம் 'கமிட்' என்று தட்டி உறுதி செய்ய வேண்டும். அக்கா சுவரில் அட்டை ஒட்டினார்: பூட்டும்போது, ஒன்று, கமிட். இரண்டு, ஜன்னலை மூடு. மூன்று, கம்ப்யூட்டரை அணை. ஜன்னல் என்றால் திரையில் தெரிவது. தெரியாமல் நான் இரண்டு நாள் அறை ஜன்னலை மூடிவிட்டுப் போனேன்.

ஒரு வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் டேட்டாபேஸ் எழுந்திருக்கவில்லை. முந்தின ஓட்டம் இன்னும் முடியவில்லை என்று ஒரு பழைய கோப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அரை நாள் போராடி எழுப்பினார். மறுவாரமும் அதே கதை. மூன்றாவது தடவை அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்த நாள் பெரிய முகாம். தூரத்து ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வரப்போகிறார்கள். "அணைச்சாத்தானே எழுந்திருக்க மாட்டேங்குது? அணைக்கவே வேணாம்" என்று கம்ப்யூட்டரின் நெற்றியில் 'அணைக்காதே' என்று ஒரு சீட்டு ஒட்டினார். மறுநாளிலிருந்து சாயங்காலம் சுவர் அட்டைக்கு வேலை இல்லாமல் போனது.

அதில் ஒன்றாவதாக என்ன எழுதியிருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

முகாம் பதினோரு நாள் நடந்தது. அறுபத்து மூன்று பேர். அதில் ஒரு தபால்காரர். இடது காலில் முழங்காலுக்குக் கீழே இல்லை. மூன்று பஸ் மாறி, மழையில் நனைந்து வந்திருந்தார். புதுக் காலோடு ஒன்றாம் தேதி வேலையில் சேராவிட்டால் அவர் இடத்தில் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். அக்கா குரல் கொடுத்ததும் நான் அச்சை உடைத்தேன். மனிதர் பதறிப்போனார்.

"ஐயோ, என்னங்க உடைச்சிட்டீங்க!"

"ஏறியாச்சுங்க. கவலையை விடுங்க" என்றேன். நான்தான் சொன்னேன்.

முகாம் முடிந்த மறுநாள், மதியச் சாப்பாடு முடிந்து டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கடைசல்காரர் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, கட்டையைக் கடைய ஆரம்பிக்கலாம்னு பாத்தா முகாம் ஆளுங்க ஒருத்தர் கூட இல்லையே."

"இல்லையா? நல்லாப் பாரு தம்பி. என் கண்ணு முன்னாடி இருக்கு."

"நானும் கண்ணை வச்சுக்கிட்டுத்தான் பாத்தேன்."

போய்ப் பார்த்தோம். அவர் திரையில் முகாமுக்கு முந்தின நாளோடு நின்றிருந்தது. திரும்பி வந்து பார்த்தோம். அக்கா திரையில் அறுபத்து மூன்று பேரும் வரிசையாக இருந்தார்கள். தபால்காரர் நாற்பத்து ஒன்றாவது. ஒரே பெட்டியை இரண்டு பேர் திறக்கிறோம், ஒருவருக்கு நிறைய இருக்கிறது, ஒருவருக்குக் காலி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அக்கா சனிக்கிழமை நகலை எடுத்துப் பார்த்தார். அதிலும் முகாம் ஆள் ஒருவர்கூட இல்லை. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "இதுக்கு ஏன் இப்படி நிக்கிறீங்க? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். எங்கள் வீட்டு மிக்ஸியிலிருந்து டிவி வரை அப்படித்தான் சரியாகியிருக்கிறது. நான் குனிந்து சுவிட்சில் விரலை வைத்துவிட்டேன்.

"தொடாதே!"

ஒன்பது வருடத்தில் அக்கா என்னை அதட்டியது அன்றுதான். நான் கையை உதறிக்கொண்டு எழுந்தேன். அவர் பார்வை என்மேல் இல்லை. சுவரில் இருந்த அட்டையை, அதில் முதல் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கமிட் போடல" என்றார். "பதினோரு நாளா போடவே இல்ல."

தங்கை மகனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார்.

"பெரியம்மா, எதையும் தொடாதீங்க. அது உங்க ஜன்னல்ல மட்டும்தான் இருக்கு. நீங்க கமிட் போடுற வரைக்கும் வேற யாருக்கும் காட்டாது, நகல்லயும் வராது. ஜன்னலை மூடினாலோ கரண்ட் போனாலோ அவ்வளவுதான், எல்லாம் போயிடும்."

கொஞ்ச நேரம் முன்னால் அந்தச் சுவிட்சின் மேல் இருந்தது என் விரல்.

"இப்ப போட்டுடவா?"

"இருங்க. கடைசி வரியில, நீங்க தட்டுற இடத்துக்கு முன்னாடி ஒரு சின்னக் குறி இருக்கும். நட்சத்திரமா, ஆச்சரியக்குறியா?"

"அது எதுக்குடா இப்ப?"

"பெரியம்மா, இந்தப் பதினோரு நாள்ல ஒரே ஒரு வரியைத் தப்பாத் தட்டியிருந்தாலும் அது ஆச்சரியக்குறி ஆயிருக்கும். அப்ப கமிட் போட்டாலும் ஒன்னும் நிக்காது. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடும்."

மேனேஜர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அறுபத்து மூன்று பேர், ஆளுக்குப் பதினான்கு எண். நடுவில் நான் வேறு ஓயாமல் வம்பளந்துகொண்டு இருந்திருக்கிறேன். ஒரு கைத்தவறல் கூடவா இருக்காது? மூலையில் கொட்டியிருந்த வெள்ளைச் சில்லுகளைப் பார்த்தேன். அவ்வளவும் என் கைவேலை. மூன்று பஸ் மாறி அவர் மறுபடி வந்து, "பரவாயில்லங்க" என்று என்னிடம் சொல்வது காதில் கேட்டது.

அக்காவின் மூக்குக் கண்ணாடி மேசையில் கிடந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முகத்தைத் திரையோடு ஒட்டிப் பார்த்தார்.

"நட்சத்திரம்."

"சரியாப் பாருங்க."

"நட்சத்திரம்தான்டா! ஏதோ அழகுக்கு வச்சிருக்கான்னு நெனச்சேன்."

கமிட் என்று தட்டினார். ஒரு விரலால், எழுத்தெழுத்தாக. தட்டி முடித்தும் அந்தக் கடைசிப் பொத்தானை அழுத்தாமல் அப்படியே இருந்தார். பிறகு அழுத்தினார்.

கடைசல்காரர் தன் அறைக்கு ஓடினார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்: "வந்துடுச்சு! அறுபத்து மூணு!"

மேனேஜர் கைதட்டினார். போனில் தங்கை மகன், "ஒரு தப்புகூட இல்லாம எப்படிப் பெரியம்மா தட்டினீங்க? எங்க ஆபீஸ்ல யாராலயும் முடியாது" என்று வியந்துகொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அறுபத்து மூணு தடவை பொய் சொல்லியிருக்கேன்" என்றார்.

"தெரியாமத்தானே அக்கா?"

"நான் சொன்னதை நம்பித்தானே நீ உடைச்சே?"

நான் விளக்குமாறை எடுத்து மூலையில் கிடந்த சில்லுகளைக் கூட்டினேன்.

தபால்காரர் ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் வந்து காலை மாட்டிக்கொண்டு போனார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் இறங்கும்போது என்னைப் பார்த்து, "நீங்க சொன்ன மாதிரியே ஏறித்தான் இருந்திருக்கு. நான்தான் சும்மா பதறிட்டேன்" என்றார். எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

முகாமுக்குப் பிறகு வந்த முதல் அச்சை அக்கா அளந்தார், இரண்டு முறை படித்தார், தட்டினார், கமிட் போட்டார். நான் சுத்தியலோடு காத்திருந்தேன். குரல் வரவில்லை. எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கடைசல்காரரின் திரையைப் பார்த்தார். திரும்பி வந்து என் கையைப் பார்த்தார்.

"அதைக் கீழ வச்சிட்டு வா" என்றார்.

"எங்கே, அக்கா?"

"நீயும் போய்ப் பாரு. உடைக்கிறவன் நீதானே?"

போனேன். திரையில் எங்கே பார்க்க வேண்டும் என்று கடைசல்காரரைக் கேட்க வேண்டியிருந்தது. இத்தனை நாளில் நான் ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை.