பக்கிரியின் வாளி

சாரம் ஊரில் யாரைக் கேட்டாலும் கப்பல் சமையற்காரர் கிறிஸ்துதாஸ் தங்கமான மனிதர் என்பார்கள். நச்சுப் புகைக்குள் பாய்ந்து, கப்பலில் தரை கழுவிய பக்கிரியை இழுத்து வந்த புண்ணியவான் ஆயிற்றே! அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும்.

நடந்தது வேறு. பிரெஞ்சுக் கப்பலின் சமையலறையில் செம்புப் பாத்திரம் துலக்க வினிகர். தரை கழுவ, துணி வெளுக்கிற ஜவேல் தண்ணீர். இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினால் நெஞ்சை அறுக்கும் புகை கிளம்பும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதை ஓதியவரே கிறிஸ்துதாஸ்தான். ஊருக்குத்தானே உபதேசம்! 1934இல் ஒரு நாள், அலை அதிகமென்று சன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மிஞ்சிய வினிகரைக் கடலில் கொட்ட மேல்தளம் ஏற வேண்டுமே என்று சோம்பல்பட்டு, மூலையிலிருந்த வாளியில் ஊற்றிவிட்டு நடந்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அது பக்கிரி தரை கழுவ வைத்திருந்த ஜவேல் தண்ணீர். துணி நனைக்கக் குனிந்த பக்கிரி அப்படியே சாய்ந்தான். இழுத்து வந்தது கிறிஸ்துதாஸ்தான், அது பொய்யில்லை. "யார் கலந்தது?" என்று அதிகாரி கேட்டபோது, "என் வாளிதான் தொரை, நான்தான் எதையோ ஊத்திட்டேன் போல" என்று இருமலுக்கிடையே சொன்னான் பக்கிரி. கிறிஸ்துதாஸ் வாயைத் திறக்கவில்லை. பக்கிரிக்கு வேலை போயிற்று, மூச்சும் பாதி போயிற்று.

கப்பல் கரைக்கு வரும்போதெல்லாம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பக்கிரி வீட்டில்தான் சாப்பாடு. மூன்று வருஷமாக இப்படித்தான். பக்கிரியின் மனைவி கமலவேணி மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே புருஷனைத் திட்டுவாள்.

"வாளியில என்னா இருக்குன்னு பாக்கத் தெரியாத மனுசன். நீங்க இல்லன்னா என் தாலி போயிருக்கும்ண்ணே."

பக்கிரி தலையைக் குனிந்துகொள்வான். அந்த ஞாயிற்றுக்கிழமையும் குனிந்தான். கிறிஸ்துதாசுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"வினிகர ஊத்துனது நான்தான்மா. இவன் இல்ல."

கமலவேணி கரண்டியைக் கீழே வைத்தாள். அவரைப் பார்க்கவேயில்லை, புருஷனைத்தான் பார்த்தாள்.

"இவ்ளோ நாளு நான் பேசுனதயெல்லாம் கேட்டுக்கினே இருந்தியேய்யா" என்றாள்.

"நான்தான்னு நானே நம்பிட்டேன் வேணி" என்றான் பக்கிரி.

கிறிஸ்துதாஸ் எழுந்திருக்கப் போனார்.

"எலையில இருக்கறத சாப்ட்டு எழுந்திருங்க" என்றாள் அவள். "இனிமே இங்க வராதீங்க."

அவர் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றார்.