துப்பாக்கி ஸ்டேஷனில், தோட்டா அம்மிக்கல்லில்

"அண்ணா, கேப் கழல மாட்டேங்குதுங்கண்ணா. பின்னு மறுபடியும் முறிஞ்சு போச்சு."

போனில் இந்தக் குரல் வந்தபோது பாலக்கோடு தக்காளி மார்க்கெட் எதிரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கோவிந்தராஜ் குரல் என்று உடனே தெரிந்துவிட்டது. என்ன கேப், என்ன பின் என்று நான் கேட்கவில்லை. அதுவும் தெரிந்துவிட்டது. வாயில் இருந்த டீ கசந்தது.

நான் தர்மபுரியில் ஒரு லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கிக் கடையில் மெக்கானிக்காக இருந்தவன். ஓய்வு பெற்றுவிட்டேன் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன், போன் சொல்வதில்லை. விசை இறுகிவிட்டது, கட்டை விரிந்துவிட்டது, குழலில் துரு என்று பழைய ஆட்கள் இன்னும் கூப்பிடுவார்கள். கோவிந்தராஜ் மலையோரத்தில் தக்காளியும் நிலக்கடலையும் வைப்பவன். காட்டுப்பன்றிக்காக அவன் அப்பா காலத்தில் லைசென்ஸ் வாங்கிய பன்னிரண்டு போர் குழல் அளவுத் துப்பாக்கி ஒன்று அவனிடம் உண்டு. அதைப் பலமுறை நான் கழற்றி மாட்டியிருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு விளக்கம். தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கேஸ் என்போம். அதன் அடியில் சட்டைப் பொத்தானை விடச் சின்னதாகப் பதிந்திருப்பது கேப். விசையை இழுத்தால் துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி வந்து அந்தக் கேப்பில் குத்தும். கேப் வெடித்து, கேஸுக்குள் இருக்கும் வெடிமருந்தைப் பற்ற வைக்கும். வெடித்து முடிந்த கேப்பை வெளியே தள்ளிவிட்டு, புதிதாக ஒன்றைப் பொருத்தி, கேஸை மறுபடி நிரப்புவதுதான் ரீலோடிங். அதற்குத் தனியாக அனுமதி வேண்டும். கோவிந்தராஜிடம் இருந்தது துப்பாக்கிக்கான லைசென்ஸ் மட்டும். எங்கோ வெளிநாட்டில் ஒருவன் வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து செய்வதை யூடியூபில் பார்த்துவிட்டு, இவன் லேத் பட்டறையில் கேப்பை உள்ளிருந்து தள்ள ஒரு பின்னைக் கடைந்து வாங்கி வந்துவிட்டான்.

"ஏண்டா, உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்றேன்.

"பொட்டியில அப்பாவோட பித்தளைக் கேஸு நெறைய கெடக்குதுங்கண்ணா. சும்மா கெடக்குதே, கேப்பக் கழட்டி ரெடியா வெச்சிக்கலாம்னுதான். பின்னு மட்டும் ஏன் முறியுதுன்னு சொல்லிடுங்க, போதும்."

பின் முறிவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். சில பழைய கேஸ்களில் கேப்புக்கு மேலே நடுவில் ஓட்டை இருக்காது. ஓரமாக இரண்டு பொடி ஓட்டைகள்தான் இருக்கும். நடுவில் பின்னை விட்டுத் தட்டினால் பித்தளையில் முட்டி முறியும். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

"அந்தக் கேஸு இந்தப் பின்னுக்கு ஆவாதுடா. எல்லாத்தையும் தூக்கி ஓரமா வை. இது பர்மிஷன் இல்லாம செய்யற வேலை. மாட்டுனா கம்பி எண்ணுவ."

அவன் சிரித்தான்.

"துப்பாக்கியே வூட்டுல இல்லீங்களே அண்ணா. எலெக்ஷன்னு சொல்லி ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சு. இது வெறும் பித்தளை. வெடிக்கறதுக்கு என்ன இருக்குது?"

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைப்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் பழக்கம். ரசீது வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், ஆபத்து ஊரை விட்டே போய்விட்டது போல ஒரு நினைப்பு. துப்பாக்கி இல்லை, ஆகவே வெடிக்காது. கோவிந்தராஜும் அப்படித்தான் நம்பினான்.

"இருங்க, காட்டறேன். நீங்களே பாருங்க," என்று வீடியோவைப் போட்டுவிட்டான்.

அம்மிக்கல்

முதலில் தெரிந்தது வீட்டுப் பின்பக்கம். கோணிச்சாக்கு ஒன்றின் மேல் பித்தளைக் கேஸ்கள் பரப்பியிருந்தன. எல்லாம் தகதகவென்று மின்னின. குத்துவிளக்கு தேய்க்கும்போது கூடவே போட்டு, புளி வைத்துத் தேய்த்துவிட்டதாகப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பெருமையாகச் சொன்னது. அது அவன் மனைவி மல்லிகா. பக்கத்தில் அம்மிக்கல். அதன் மேல் ஒரு கேஸைக் கவிழ்த்து, கொறட்டால் இடுக்கிப் பிடித்தபடி அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முகத்துக்கும் கேஸுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. போனைத் தக்காளிக் கிரேட்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, கோவிந்தராஜ் ஒரு கையில் சுத்தியலும் ஒரு கையில் சுவரில் அடிக்கும் கான்கிரீட் ஆணியுமாக எதிரே உட்கார்ந்தான்.

"உள்ள இருந்து போவலீன்னா வெளிய இருந்து குத்தி நோண்டிடலாம்னு பாக்கறேங்கண்ணா."

ஐயோ கடவுளே! கேப்பில் ஆணியை வைத்து அடிப்பது என்றால் என்ன? துப்பாக்கிக்குள் ஊசி செய்யும் அதே வேலைதான். ஆனாலும் வெடித்து முடிந்த கேப்பாக இருந்தால் ஆணி பொத்துக்கொண்டு போவதோடு சரி. அந்த நம்பிக்கையில் கேப்பை உற்றுப் பார்த்தேன். வெடித்த கேப்பில் ஊசி குத்திய பள்ளம் நடுவில் நன்றாகத் தெரியும். மல்லிகா கையில் இருந்தது புளி போட்டுத் தேய்த்து வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. பள்ளமே இல்லை.

"அடேய், பள்ளம் எங்கடா?"

"என்ன பள்ளம்ண்ணா?"

"அது வெடிக்காத கேப்புடா! உசுரோட இருக்குதுடா!"

"ஓ அதுவா. அப்பா நெரப்பி வெச்சிருந்த பழைய தோட்டாங்க அது. உள்ள இருந்த மருந்தெல்லாம் எப்பவோ கொட்டிட்டேன். கேப்ப முந்தாநாள் ராவெல்லாம் புளித்தண்ணியில ஊறப் போட்டிருந்தோங்க. தீபாவளிப் பட்டாசு மழையில நனைஞ்சா நமத்துப் போவாதா? அந்த மாதிரி நமத்துப் போயிருக்கும்."

நமத்த பட்டாசை வெயிலில் போட்டு எடுத்து வெடித்ததே இல்லையா இவன்? எழுந்து நின்று கத்தினேன்.

"மல்லிகா! மல்லிகா! கையெடும்மா! கெளம்பு அங்கிருந்து!"

அவள் தலையைத் திருப்பிப் போனைப் பார்த்தாள். "ஏன் இந்தண்ணன் இப்படிக் கத்தறாரு?" என்று கேட்பது போல உதடு அசைந்தது. அந்த இடத்திலேயே படம் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மலையடி, டவர் எப்போதும் இப்படித்தான். படம்தான் நின்றதே தவிர, சத்தம் வந்தது. டப் என்று ஒன்று. அதன் பிறகு ஒரு அலறல். பிறகு அதுவும் இல்லை.

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். ரிங் போனது, எடுக்க ஆள் இல்லை. வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கிச் சத்தத்தில் நின்றவன் நான். அந்தச் சின்ன டப் சத்தத்துக்கு டம்ளரை மேசையில் வைக்கத் தெரியாமல் நின்றேன்.

குக்கர்

தக்காளி ஏற்றிக்கொண்டிருந்த மினி வேனிலேயே அவளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வேனிலிருந்து கோவிந்தராஜ் கூப்பிட்டுச் சொன்னதும் வழியில் பாலக்கோட்டில் நானும் ஏறிக்கொண்டேன். மல்லிகா முன்சீட்டில் இடது கண்ணைத் துண்டால் அழுத்திப் பிடித்தபடி இருந்தாள். அழவில்லை. "எரியுது, எரியுது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் கோவிந்தராஜும் பின்னால் கிரேட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். அவன் முகம் செத்துப் போயிருந்தது. பாவம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அவன் வாயைத் திறக்கும் வரைதான்.

"அண்ணா, ஆஸ்பத்திரியில நீங்க ஒண்ணும் பேசிடாதீங்க. குக்கர் வெடிச்சிடுச்சுன்னு சொல்லிக்கறேன்."

"என்னடா சொல்ற?"

"தோட்டான்னு சொன்னா போலீஸு வந்துரும்ங்கண்ணா. எலெக்ஷன் நேரம் வேற. அப்பா காலத்து லைசென்ஸு. போச்சுன்னா திரும்ப வாங்க முடியுமா?"

முன்னால் பெண்டாட்டி கண்ணைப் பொத்திக்கொண்டு துடிக்கிறாள். இவன் லைசென்ஸை நினைத்துக்கொண்டிருக்கிறான்! செவுளில் ஒன்று விடக் கை வந்தது. வேன் குலுங்கிய குலுக்கலில் கிரேட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் தப்பித்தான்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சியில் ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார். துண்டை எடுத்துப் பார்த்தார். கண்ணின் வெளி ஓரத்தில், இமைக்குப் பக்கத்தில், அரிசி நொய் அளவுக்கு ஒரு கீறல். ரத்தம் நின்றிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றுமே இல்லை போல இருந்தது. அதுதான் எனக்குப் பயம். கேப் வெடித்துச் சிதறும் தகடு நுழையும் இடம் சின்னதாகத்தான் இருக்கும், உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று வெளியில் தெரியாது.

"எப்படிம்மா ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

கோவிந்தராஜ் முந்திக்கொண்டான். "குக்கருங்க. மூடி தெறிச்சு லேசா பட்டுடுச்சுங்க."

"அப்ப மேல்காயம்தான். பொறுங்க, சுத்தம் பண்ணிட்டு நல்லாப் பாக்கறேன்," என்று டாக்டர் பஞ்சை எடுத்தார்.

இப்படி ஒரு பொய்யை, அதுவும் இந்த இடத்தில், ஒரு மனிதன் இவ்வளவு சரளமாகச் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அப்போது மல்லிகா டாக்டரின் கையைப் பிடித்தாள்.

"குக்கரு வெடிக்கல டாக்டரம்மா. இன்னிக்கி நான் அடுப்பே பத்த வைக்கல. தோட்டா வெடிச்சுது. அடிச்சவரு இவரு, புடிச்சவ நான்."

கோவிந்தராஜ், "ஏய் மல்லிகா," என்றான். அவள் திரும்பவில்லை.

"கண்ணு என்னுதுங்க. லைசென்ஸு அவருது. எது போவலாம்னு நான்தான சொல்லணும்?"

அதன் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. உள்ளே உலோகத் துண்டு இருக்கலாம், அது ஆழமாகப் போயிருக்கலாம் என்று சொன்னேன். டாக்டரின் முகம் மாறியது. பஞ்சைக் கீழே போட்டுவிட்டு உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். கண்ணோர எலும்பில் ஒன்று, கண்ணின் வெள்ளைப் பகுதிக்குள் ஒன்று என்று இரண்டு துண்டுகள் இருந்தன. ஆம்புலன்ஸ் வைத்துச் சேலத்துக்கு அனுப்பினார்கள். வெறும் காயம் என்று மருந்து வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் உள்ளே சீழ் பிடித்துக் கண்ணையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று அங்கே ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். என் கத்தலுக்குத் தலையைத் திருப்பாமல் நேராகக் குனிந்திருந்தால் அந்தத் துண்டு கருவிழியிலேயே பாய்ந்திருக்குமாம்.

ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது கோவிந்தராஜ் வராண்டாவில் தரையில் உட்கார்ந்துவிட்டான். "பார்வை வந்துருமாண்ணா? வந்துரும்தான?" என்று போகிற வருகிற நர்ஸ்களை எல்லாம் கேட்டான். அப்போதுதான் ஓவென்று அழுதான். எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் எழுப்பி உட்கார வைத்தேன்.

சாக்கில் மிச்சம் இருந்தவை

போலீஸ் வந்தது. வழக்குப் பதிவானது. லைசென்ஸும் போனது. மிச்சமிருந்த கேஸ்களைப் பார்த்து எது வெடித்தது எது வெடிக்காதது என்று சொல்ல என்னையும் அழைத்துப் போனார்கள். தூர நின்றுதான் பார்த்தேன். சாக்கில் பாதிக்கு மேல் பள்ளமில்லாதவை. அத்தனையும் உயிரோடு இருந்தவை.

"இதை எல்லாம் எங்கே காய வெச்சீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"வெயில் சரியா அடிக்கலீங்க சார். அதனால மொத நாளே மல்லிகா அடுப்பு மேட்டுல பரப்பி வெச்சா," என்றான் கோவிந்தராஜ்.

இன்ஸ்பெக்டரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில்! அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட உட்காரும் இடம் அது. வெடிமருந்துச் சாமான்களைக் கையாளும் ஆட்கள் வந்து சாக்கோடு எடுத்துப் போனார்கள்.

மல்லிகாவுக்குப் பார்வை இருக்கிறது. முழுசாக இல்லை. வெயில் பட்டால் கூசுகிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்கிறாள். பன்றிக்கு இப்போது வேலி போட்டிருக்கிறார்கள்.

தொழிலில் இருக்கிற தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். தண்ணீரில் நனைந்த கேப் செத்துவிட்டது என்று நம்பாதீர்கள், காய்ந்தால் உயிர் வரும். துப்பாக்கி பக்கத்தில் இல்லாததால் வெடிக்காது என்று எவன் சொன்னாலும் அவனை உட்கார வைத்துப் பேசுங்கள். பின் ஏன் முறிகிறது என்று போனில் கேட்டால், பின்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். கேட்பதற்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது.

போன மாதம் அரூர் பக்கத்திலிருந்து ஒருவன் கூப்பிட்டான். என் நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

"கேப் கழட்டற பின்னு உள்ளயே மாட்டிக்கிச்சுங்க. அதான் ஒரு ஐடியா கேக்கலாம்னு..."

"கேஸை யாருப்பா புடிச்சிட்டு இருக்கறது?"

"நம்ம சம்சாரம்தாங்க."

"போனை அந்தம்மாகிட்டக் குடு."

"அவங்களுக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே."

"தெரியாதுன்னுதான்டா குடுக்கச் சொல்றேன். குடு."

ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி, "சொல்லுங்க," என்றது. மல்லிகாவின் கண்ணைப் பற்றி மட்டும் சொன்னேன். தரையில் கொறடு விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் தூரத்தில் அவன் குரல்: "ஏய், பாதியில வுட்டுட்டு எங்கடி போற?"