பாலத்தில் முகம் பார்ப்பதில்லை

மன்னார்ப் பாலத்தில் தூண்டில் போடுகிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. கடலுக்குப் போகிறவன் பிழைப்புக்குப் போகிறான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். இவர்களோ கந்தோரையும் கடையையும் விட்டுவிட்டு வந்து, காற்று ஆளைப் பிய்த்தெறிகிற இடத்தில், வெறும் போத்தலில் சுற்றிய தங்கூசி நூலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு மணிக்கணக்காக நிற்பார்கள். அகப்படுவது ஒரு சொதிக்குக் காணாது. அதிலும் பாதி கெளிறு. மீன் வேண்டுமென்றால் கீரிக் கரையில் வாங்கலாம், நான் அங்கேதான் வாங்குகிறேன்.

என் மனுசன் ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர். நெஞ்சுவலி வந்த பிறகாவது விடுவார் என்று பார்த்தேன். எங்கே! இரத்தக் குழாயில் அடைப்பு, யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று டொக்டர் திகதி தந்தார். இவர் தள்ளிப்போட்டார். மறுபடி தந்தார், மறுபடியும் தள்ளிப்போட்டார். வருகிற வியாழக்கிழமையையும் விட்டால் உயிருக்குத் தான் பொறுப்பில்லை என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வீட்டில் நான் என்ன கேட்டாலும் இவரிடம் ஒரே பதில்தான்: "பாப்பம்." அன்று பின்னேரம் பார்த்தால் மோட்டார் சைக்கிளும் இல்லை, தங்கூசிப் போத்தலும் இல்லை.

எங்கள் ஊரான தோட்டவெளியிலிருந்து ஓட்டோ பிடித்தேன். உள்ளே இருக்கவே முடியவில்லை. செருப்பைக் கழற்றினேன், மாட்டினேன், கழற்றினேன். "கொஞ்சம் கெதியா ஓடும் தம்பி" என்று ஓட்டோக்காரரைப் போட்டு அரித்தெடுத்தேன்.

பாலத்துக் கம்பியோரம் வழக்கமான இடத்தில் நின்றார். பக்கத்தில் புடைவைக்கடை நானா. கொண்டச்சி ஊர் முஸ்லிம் ஆள், பாலத்தில் இவருக்குப் பழக்கமானவர்.

"இஞ்சாருங்கோ!" என்று வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் கத்தினேன். எல்லாருக்கும் கேட்டது, ஒருத்தரும் திரும்பவில்லை. அங்கே அதுதான் வழக்கம். பக்கத்தில் நிற்பவரோடு வீட்டுக் கதை, ஊர்க் கதை எல்லாம் பேசுவார்கள். ஆனால் கண் தங்கூசியை விட்டு அசையாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வியாழக்கிழமை ஆசுப்பத்திரிக்கு வாறியளோ இல்லையோ? இதிலயே சொல்லுங்கோ. எல்லாரும் கேக்கட்டும். இந்த மனுசனுக்கு நெஞ்சில அடைப்பு, இவர் இஞ்ச நிண்டு கெளிறு பிடிக்கிறார்!"

இவர் தங்கூசியை இன்னும் கொஞ்சம் இறக்கினார். நானாதான் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

"தெரியும் ரீச்சர். அவர் கன நாளா அதைத்தானே சொல்லிக்கொண்டு நிக்கிறார். மயக்க ஊசி போட்டா எழும்பாமப் போயிருவனோ எண்டு பயமாம்."

கட்டின மனுசிக்குச் சொல்லாததைப் பாலம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அழுகை வந்தது. அழுகை வந்ததே என்று இன்னும் கோபம் வந்தது.

"என்னட்டச் சொன்னா என்ன, நான் உங்களைக் கடிச்சுத் தின்னவா போறன்?"

"நீர் என்ரை முகத்தைப் பாக்கிறீர்" என்றார். "சாப்பிடேக்க பாக்கிறீர். படுத்தாலும் எழும்பி வந்து மூச்சு வருதோ எண்டு பாக்கிறீர். உம்மடை கண்ணைப் பாத்தா நான் செத்துப்போனன் எண்ட மாதிரியே இருக்கு. இஞ்ச ஒருத்தரும் என்னைப் பாக்கிறேல்லை."

நானா தங்கூசியைச் சுற்றத் தொடங்கினார். இரைக்கு இறால் முடிந்துவிட்டதாம். அவருடைய வாளியில் இறால் கிடந்ததை நான் கண்டேன். அப்பால் போய் நின்றுகொண்டார், நல்ல மனுசன்.

அவர் விட்டுப்போன இடத்தில் போய் நின்றேன். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன். ஐயோ, அது என்ன பாடு! கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. மூச்சாவது கேட்குதோ என்று காதைக் கொடுத்தேன், பின்னால் ஒரு லொறி போனதில் அதுவும் கேட்கவில்லை. பச்சைத் தண்ணீரில் ஒரு பொலித்தீன் பை போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்தேன்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்கும்தான்" என்றேன். ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காது என்று இவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தவள் நான். பயத்தை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

இவருடைய தங்கூசியை ஏதோ இழுத்தது. இவர் அதைத் தூக்கவில்லை.

"வியாழக்கிழமை விடிய முதல் பஸ்ஸிலயே போவம்" என்றார். "நீரும் வாறீர்தானே?"

"வராமல்?"

"அப்ப நீர் யன்னல் பக்கம் இரும். வெளியில பாத்துக்கொண்டு வாரும்."