கேட்டால் சொல்கிறேன் என்று ஆத்தாளிடம் சொன்னேன்

நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாள் அம்மனை நம்பி வாழும் என் சகோதரிகளுக்கு மகேஸ்வரியின் வணக்கம். வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்த்திருப்பீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, பூஜை முடியும் முன்பே எழுந்து போய்விடுகிறவள் நான்தான். எனக்கு நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்று பூஜைக் குழுவில் கேட்டார்கள். தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். தள்ளிப் போடுவதுதான் என் வியாதி. இதைப் படித்தால் உங்களுக்கே தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பல்கலைக்கழகம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத் தினமும் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். காரைக்குடியில் ஏறுவேன், சிவகங்கையில் இறங்குவேன். பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். உடனே யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம் வரும். அடுத்த வண்டியில் ஏறித் திரும்பிவிடுவேன். சில நாள் இரண்டு தடவை போய் வருவேன். மாலையில் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு லேப்ல ரொம்ப வேலை" என்று சொல்வேன். என் கணவர் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். அவரும் களைத்துப் போய்த்தான் வருவார். நான் சொல்வதை அப்படியே நம்பினார். 

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், நான் வேதியியலில் பி.எச்.டி. செய்துகொண்டிருந்தேன். நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்பது என் ஆய்வு. அது அளவுக்கு மீறினால் பிள்ளைகளுக்குப் பல் கறை பிடிக்கும், நாளாக நாளாக எலும்பையும் பாதிக்கும். ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடித்து வந்து சோதித்தேன். ஒரு ஊரில் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை என்னை உட்கார வைத்து மோர் கொடுத்து, "எங்க போர் தண்ணி எப்படிம்மா இருக்கு? பிள்ளைக இதத்தான் குடிக்குதுக" என்று கேட்டிருந்தார். சோதித்துவிட்டுப் போன் செய்தேன். "நல்ல தண்ணி டீச்சர், தாராளமாக் குடிக்கலாம்" என்றேன்.

வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது அத்தியாயத்துக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். சில மாதிரிகளில் சுத்தமான நீர் கலந்து, நீர்க்க வைத்து அளப்போம். அளந்த பிறகு, எத்தனை மடங்கு நீர்க்க வைத்தோமோ அத்தனை மடங்கால் பெருக்க வேண்டும். ஒரு தொகுதியில், இருபத்திரண்டு மாதிரிகளில், நான் பெருக்கவே இல்லை. பெருக்கிப் பார்த்தேன். அந்தப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் நல்ல தண்ணீர் இல்லை.

அந்தக் கணக்கை வைத்து ஒரு கருத்தரங்கில் கட்டுரையும் வாசித்திருந்தேன். என் நெறியாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டியிருந்தார்.

கணினியை மூடினேன். அன்றிலிருந்து அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. வீட்டிலிருந்தே எழுதுகிறேன் என்று நெறியாளருக்குச் செய்தி அனுப்பினேன். பல்கலைக்கழகம் போவதாக வீட்டில் சொன்னேன். இரண்டு பொய்க்கும் நடுவில் பேருந்துதான் எனக்கு இடம்.

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இருக்கையில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். முன் சீட்டின் கிழிந்த உறையைப் பிய்த்துக்கொண்டே வருவேன். கல்லல் தாண்டினால் இறங்கிவிடலாமா என்று தோன்றும், எங்கே போக என்று அடுத்த நினைப்பு வரும். அந்த டீச்சர் எண் என் போனில் இருந்தது. எடுப்பேன், வைப்பேன். நாளைக்குச் சொல்லலாம் என்பேன். நாளைக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும். பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் ஏறினால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். அவர்கள் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சிவகங்கையில் இறங்கியவள் திரும்பாமல் நாட்டரசன்கோட்டை வண்டியில் ஏறினேன். சின்ன வயதிலிருந்து போகிற கோயில். ஆனால் அன்றைக்குக் கண்ணாத்தாள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கூட்டத்தில் நின்றுகொண்டு மனசுக்குள் சொன்னேன்: "ஆத்தா, நானாகப் போய்ச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. யாரையாவது என்னிடம் கேட்க வை. கேட்டால் சொல்லிவிடுகிறேன். சத்தியம்."

வேறு எதுவும் வேண்டவில்லை. தப்பைச் சரிசெய்து கொடு என்றுகூடக் கேட்கவில்லை.

குங்குமம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத எண்.

"மகேஸ்வரியா? யுனிவர்சிட்டி ஆய்வு மாணவர் உதவி மையத்துல இருந்து அமுதா பேசுறேன். ரெண்டு மாசமா டிபார்ட்மென்ட் ரிஜிஸ்டர்ல உங்க கையெழுத்து இல்ல. ஏசுறதுக்குக் கூப்பிடல. நல்லா இருக்கீகளா, அதக் கேக்கத்தான்."

சகோதரிகளே, நான் என்ன செய்தேன் தெரியுமா? "காய்ச்சல் மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

சத்தியம் செய்து கால்மணி நேரம் ஆகவில்லை. நெற்றியில் குங்குமம்கூட ஈரம் காயவில்லை. கேட்டதை ஆத்தாள் கொடுத்துவிட்டாள், நான் அதைத் தட்டிவிட்டேன். அதற்கப்புறம் வந்த ஒரு வாரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது இனி வேண்டவும் வாய் இல்லை. சாமி விளக்கை ஏற்றுவேன், திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விடுவேன். என் மாமியார், "ஏத்தா, என்னாச்சு ஒனக்கு? ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கிற" என்றார். "ஒண்ணும் இல்லத்த" என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை. சிவகங்கை வண்டி, கூட்டம் இல்லை. அதே எண்ணிலிருந்து போன். எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கை எடுத்துவிட்டது.

"மகேஸ்வரி, காய்ச்சல் விட்டுருச்சா?"

"விட்டுருச்சு மேடம்."

"பஸ் சத்தம் கேக்குது. எங்குட்டுப் போறீக?"

 எவ்வளவோ பொய் தயாராக வைத்திருந்தவள் நான். இந்தக் கேள்விக்கு ஒன்றும் வரவில்லை.

"தெரியல மேடம்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

அமுதா மேடம் பதறவில்லை. "சரி. அடுத்து எந்த ஸ்டாப்பு?" என்றார். கல்லல் என்றேன். "அங்க இறங்கிருங்க. நான் போன வைக்கல, லைன்லயே இருக்கேன்." இறங்கினேன். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு தப்புப் பண்ணிவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை என்பதை மட்டும் சொன்னேன். என்ன தப்பு என்று அவர் கேட்கவில்லை. "புதன்கிழமை லைப்ரரி மாடியில ஆய்வு மாணவர்க எல்லாரும் கூடி உக்காந்து எழுதுவாக. ரெண்டு மணி நேரம். அப்பறம் டீ. நீங்க எழுதவும் வேணாம், பேசவும் வேணாம். சும்மா வந்து உக்காந்துட்டுப் போங்க. வாரீகளா?"

வருகிறேன் என்றேன்.

அந்த அறிவிப்பைப் பல தடவை பலகையில் பார்த்திருக்கிறேன். எழுத்து அமர்வு, ஆய்வாளர் சந்திப்பு, மனநல ஆலோசனை என்று மாதாமாதம் ஒட்டுவார்கள். அதெல்லாம் படிப்பு வராதவர்களுக்கு என்று எண்ணிக் கடந்து போயிருக்கிறேன். எனக்கு அவ்வளவு கர்வம்.

புதன்கிழமை போனேன். பத்துப் பதினைந்து பேர் நீள மேசைகளில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் வெள்ளைத்தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு முறை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினேன். டீ வந்ததும் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னார்கள். என் பக்கத்தில் நஸ்ரின் என்று ஒரு பெண். பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே எம்.எட். படிப்பவர். "மூணு மாசமா ஒரே பக்கத்துல நிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என் முறை வந்தது. அமுதா மேடம், "அவுகளுக்கு வேணாம்னா விட்டுருங்க" என்றார்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீர்க்க வைத்தது, பெருக்காதது, டீச்சர், மோர், பேருந்து. சொல்லும்போது கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

யாரும் உச்சுக்கொட்டவில்லை. நஸ்ரின் மட்டும் கேட்டார்: "அந்த ஊருல இப்பயும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாகளா?"

"ஆமா."

"அப்ப எந்திரிங்க. ஒங்க கைடு ரூம்ல இருக்காரான்னு பாப்போம். நான் வாசல்ல நிக்கிறேன்."

என் கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போனார். இல்லையென்றால் வழியில் எங்காவது திரும்பியிருப்பேன்.

என் நெறியாளர் கண்டிப்பானவர். அவரிடமும் சொன்னேன். கோப்பைத் திறக்கச் சொன்னார். திறந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"எப்பத் தெரியும்?"

"வைகாசில சார்."

"இப்ப ஆவணி."

அதற்கு மேல் அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. "தீசிஸ அப்பறம் பாத்துக்கலாம். அந்த டீச்சருக்கு இப்பச் சொல்லு. நீதான் சொல்லணும். நான் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

சொன்னேன்.  டீச்சர், "தெரிஞ்ச அன்னைக்கே ஒரு போன் போட்டிருக்கலாமேம்மா. நீ சொன்னத நம்பித்தான குடுத்தேன்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இருக்கிறது. அது போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வதும் இல்லை.

மறுநாளே நெறியாளரும் நானும் அந்த ஊருக்குப் போய் மறுபடி தண்ணீர் எடுத்தோம். அளவு கொஞ்சம் மீறித்தான் இருந்தது. அந்த ஆழ்துளைக் கிணற்றைக் குடிக்கப் பயன்படுத்துவதை நிறுத்தினார்கள். பள்ளிக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்தது. மற்ற ஊர்களுக்கும் ஒன்றொன்றாகப் போனோம். கருத்தரங்கு நடத்தியவர்களுக்குக் கட்டுரை தவறு என்று நானே கடிதம் எழுதினேன். ஆய்வுக் காலம் முடிகிற நிலைமை. நீட்டிப்புக்கு விண்ணப்பம் எழுத அமுதா மேடம் பக்கத்தில் உட்கார்ந்து உதவினார். ஒரு வருடம் கிடைத்தது.

வீட்டில் சொன்னதுதான் கடைசி. கணவர், "என்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?" என்றார். அவருக்கு அந்த வருத்தம் ஆறப் பல நாள் ஆனது. மாமியார் மட்டும், "அப்ப நான் கட்டிக் குடுத்த சோத்தையெல்லாம் எங்க வச்சுடி தின்ன?" என்றார். "பஸ் ஸ்டாண்டுல அத்த" என்றேன். "ஆறிப்போன சோத்த, அந்தச் சத்தத்துல" என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போன தை மாதம் எனக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. அந்தத் தவறைப் பற்றியும் ஆய்வேட்டில் ஒரு பகுதி எழுதியிருந்தேன். புதன்கிழமைக்காரர்கள் எல்லோரும் வந்து ஒரு வரிசையை நிரப்பினார்கள். என் கணவர் பட்டறையை மூடிவிட்டு வந்திருந்தார். டீச்சருக்கும் அழைப்பு அனுப்பினேன். அவர் வரவில்லை. தேர்வு முடிந்து முனைவர் என்று சொன்னபோது என் நெறியாளர் கை கொடுத்தார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

கையெழுத்து இல்லாத எல்லோருக்கும்தான் உதவி மையத்திலிருந்து போன் போகும், இதில் ஆத்தாள் எங்கே வந்தாள் என்று என்னிடம் கேட்டார்கள். அமுதா மேடமே அப்படித்தான் சொல்கிறார். அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது, உண்மைதான். ஆனால் செருப்பைத் தேடிக்கொண்டு நின்ற நேரத்தில் அவர் என் பெயருக்கு வந்தது யார் செயல்? பொய் சொல்லி வைத்தவளை மறுபடி கூப்பிட்டுக் காய்ச்சல் விட்டதா என்று கேட்கத் தோன்றியது யார் கருணை? நான் சத்தியத்தை மீறினேன். அவள் என்னை விடவில்லை. இப்படித்தான் எனக்குப் புரிந்தது. இதற்கு மேல் வாதாட எனக்குத் தெரியாது.

என் பரபரப்பு முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். இப்போதும் கால் ஆடுகிறது. பூஜையில் பாதியில் எழுந்துவிடுகிறேன். ஆனால் ஒளிவதற்கு எழுவதில்லை. புதன்கிழமைகளில் நானும் அந்த மாடிக்குப் போகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுக்கிறேன். வாசல்வரை போய்த் திரும்புகிறவர்களை எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது.

உங்களில் யாராவது இப்படி ஒன்றை வயிற்றில் கட்டிக்கொண்டு அலைந்தால், தெம்பு இல்லை என்றே ஆத்தாளிடம் சொல்லுங்கள். பெரிய வேண்டுதல் வேண்டாம். அவள் யாரையாவது அனுப்புவாள். சாமி மாதிரி வரமாட்டார்கள். ஏதோ அலுவலகத்திலிருந்து, தெரியாத எண்ணிலிருந்து கூப்பிடுவார்கள். நல்லா இருக்கீகளா என்று கேட்பார்கள். நல்லா இருக்கேன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள்.